தும்பிகோவின் மேசைமேல் ஒரு பிரிண்டர்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டியிருந்தது. ‘எங்கள்’ என்று எழுதிக் கை பழகிவிட்டது. ம்சூசு நகரச் சந்தைக்கு மேற்கே, தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையில் கட்டடப் படம் வரைகிறவன் இப்போது நான் ஒருவன்தான். மேசைகள் இரண்டு, எதிரெதிரே. ஒன்று என்னுடையது, மற்றது தும்பிகோவுடையது.

தும்பிகோ என் கூட்டாளி. ஜோகன்னஸ்பர்க்கில் கொஞ்ச காலம் சம்பாதித்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவன். அப்படிப் போய்த் திரும்பாதவர்களை எங்கள் ஊரில் ‘மச்சோனா’ என்பார்கள், தொலைந்துபோனவர்கள். தெற்கே போனவன் வாய்திறந்து சொல்லாமல் அவன் பாயையோ நாற்காலியையோ நாங்கள் எடுத்துப் புழங்குவதில்லை. எடுத்தால், அவன் இனி வரமாட்டான் என்று நாமே முடிவு கட்டியதாகிவிடும். ஆகவே அவன் மேசையைத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

நான் வரைவதெல்லாம் சின்னப் படங்கள். சின்ன வீடு, பள்ளிக்கூடக் கழிப்பறை, கிணற்று மேடை. எல்லாம் ஏ3 தாளில் அடங்கும்; கொத்தனார் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். இதுவரை சந்தை முனை நகல் கடையில்தான் அச்செடுத்து வந்தேன். வினை அங்கேதான் வந்தது. ஓரத்தில் இடம் விடுவதற்காக அந்த இயந்திரம் படத்தையே கொஞ்சம் சுருக்கிவிட்டிருக்கிறது. கொத்தனார் நிரோங்கோ எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கிறவர் அல்ல. தாள்மேல் அளவுநாடாவை வைத்துக் கணக்குப் போட்டுக் கட்டுகிறவர். வீடு எழும்பிய பிறகு வீட்டுக்காரரின் கட்டில் படுக்கையறைக்குள் நுழையவில்லை.

“மனுசன் கட்டில வெளியில போட்டுப் படுத்திருக்காரு. கோழியெல்லாம் அதுமேலதான் தூங்குது,” என்றார் நிரோங்கோ, என் வாசலில் நின்றபடி. “முன்னெல்லாம் உங்க படம் இப்படி வராதே, தம்பி. அந்த மச்சோனா இருந்தப்ப.”

“அவன் மச்சோனா இல்லண்ணே.”

“சரி, இல்ல. சொந்தமா ஒரு பிரிண்டராவது வாங்குங்க. மழைக்குக் கரையாததாப் பாத்து.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் படங்களின் மூலையில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர். நான் வரைந்து அச்செடுத்த தாளை எதிர் மேசைக்குத் தள்ளுவேன். தும்பிகோ தன் முப்பட்டை அளவுகோலை அதன்மேல் வைப்பான். பிசகினால் தலை நிமிராமல் “குறையுதுடா” என்று திருப்பித் தள்ளுவான். சில நாட்களில் காலை முதல் மாலைவரை எங்கள் பேச்சே அவ்வளவுதான். அவன் போனபின் இரண்டாவது கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

கடையில் இரண்டு பிரிண்டர்களைக் காட்டினாள் தவோங்கா என்ற விற்பனைப் பெண். ஒன்று மை தெளிக்கிற வகை, கைக்கடக்கமானது. என் தலைக்கு மேலிருக்கும் பலகையிலேயே வைத்துவிடலாம். மற்றது லேசர். கருப்பு மட்டும்தான், நல்ல கனம், அதற்கென்று ஒரு மேசை வேண்டும். கொண்டுபோயிருந்த படத்தை இரண்டிலும் அச்செடுக்கச் சொல்லி, பாட்டில் மூடியில் தண்ணீர் வாங்கி இரண்டின்மேலும் சொட்டினேன். சின்னதில் சுவரும் சாக்கடையும் கலந்து ஒரே நீலத் திட்டாயின. லேசரின் கோடு அசையவில்லை. வேலை இல்லாத நாட்களில் சின்னதன் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்றும் அவளே சொன்னாள். ஆனாலும் நான் சின்னதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன்.

“நீங்களே தண்ணி ஊத்திப் பாத்துட்டீங்க. அப்புறமும் அதையே சுத்துறீங்களே ஐயா?”

“பெரிசுக்கு எடமில்லம்மா.”

“ஆபீஸ்னு சொல்றீங்க, ஒரு மேசைகூடவா இல்ல?”

நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலை தும்பிகோவுக்குப் போன் செய்தேன். பிரிண்டர் பற்றி ஒரு யோசனை கேட்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் உற்சாகமாகத்தான் பேசினான். லேசர்தான், அதில் பேச்சே இல்லை என்றான். அவன் பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஒரு பெண் எனக்குப் புரியாத மொழியில் அதைச் சமாதானப்படுத்தினாள். யார் என்று நான் கேட்கவில்லை. வைக்க இடமில்லை என்று மட்டும் சொன்னேன்.

“என்னடா எடமில்ல? என் மேசை சும்மாதானே கெடக்கு. அதுமேல வை.”

“நீ வந்தா?”

குழந்தையின் அழுகை நின்றது.

“வை, வெசி,” என்று என் பெயரைச் சொன்னான். “கால் ஆடாம பாத்து வை.”

மறுநாள் லேசரையே வாங்கினேன். தையல்காரர் ஒரு பக்கம் பிடிக்க, மேசைமேல் ஏற்றினோம். மேசைக் காலொன்றுக்கு அட்டை மடித்துக் கொடுத்தேன். தும்பிகோவின் முப்பட்டை அளவுகோல் என் பக்கம் வந்துவிட்டது.

முதல் தாள் எதிர்ப்புறத்திலிருந்து என்னை நோக்கி நீண்டு வந்தது. பழக்கத்தில் கை நீட்டி வாங்கி, அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற அமைப்பு இதிலும் தானாகவே போடப்பட்டிருக்கிறது.

“குறையுதுடா,” என்றேன்.

அங்கே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுருக்குவதை நிறுத்தி மறுபடி எடுத்தேன். சரியாக இருந்தது. இரண்டாவது கட்டத்திலும் என் பெயரையே எழுதினேன்.

படம் வாங்க வந்த நிரோங்கோ நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, எச்சில் விரலால் ஒரு கோட்டைத் தேய்த்தார். அழியவில்லை. தாளை நாலாக மடித்தார். பிறகு எதிர் மேசையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ‘மச்சோனா’ என்று அவர் அன்று சொல்லவில்லை.