இலையின் கால்

காலை ஏழு மணி வெயிலில் அவள் இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். வாள் போல நிமிர்ந்து வளரும் பாம்புச்செடியின் இலை. பச்சையின் மேல் சாம்பல் அலைகள். தொட்டியில் மற்றதெல்லாம் அழுகிவிட, இது ஒன்றுதான் தேறியது.

"செடிக்குத் தண்ணியா ஊத்துனீங்க? குளிப்பாட்டுனீங்க."

தையல்காரரான அவள் கணவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த சாக்பீஸைக் குடுங்க. இலைக்குக் கோடு போடணும்."

"இரு. இந்தச் சட்டைக்குக் கை ஏத்திட்டு வர்றேன்."

ஒவ்வொரு துண்டிலும் கால்பக்கம் ஒரு கோடு இழுப்பது அவள் வழக்கம். தலைகீழாக நட்டால் வேர் விடாது. போன வருஷம் அவர் அப்படித்தான் நட்டு, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றினார். துண்டுகள் அழுகவும் இல்லை, வளரவும் இல்லை. அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்: "கண்ணை மூடிட்டுத் துணியில நல்ல பக்கம் எதுன்னு சொல்வாரு. இலைக்குத் தலை எது, கால் எதுன்னு தெரியாது."

துண்டுகளைச் சன்னலடியில் செய்தித்தாள் மேல் பரப்பினாள்.

"காலெல்லாம் சன்னலைப் பார்த்து இருக்கு. வெட்டின காயம் ஆறட்டும், அப்புறம் நடலாம். எனக்குக் கொஞ்சம் கண்ணை அசத்துது."

கை ஏறியது. காலரும் ஏறியது. அவர் சாக்பீஸோடு உள்ளறைக்குப் போனபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். கூப்பிட்டார். தோளைத் தொட்டார். மின்விசிறி அவள் முந்தானையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நடந்தது. யாரோ வாயைத் திறந்தார்கள், சத்தம் பிறகு வந்தது. யாரோ டம்ளரைக் கையில் திணித்தார்கள். அவளை எடுத்துப் போனார்கள். வீடு நிறைந்து, மெல்ல வடிந்தது.

சன்னலடியைப் பார்த்தார். வெறுந்தரை.

"இங்க ஒரு தாள் கெடந்துச்சே?"

கொழுந்தியாள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். "மிதிச்சுடுவாங்கன்னு அள்ளி வெச்சேன் அத்தான். அக்கா வெட்டினதாச்சே."

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு கிடந்தன.

"நல்லது பண்ணேம்மா."

கொழுந்தியாள் போனதும் துணி வெட்டும் மேசையைத் துடைத்தார். கட்டம் போட்ட துணியில் தையலுக்கு இருபுறமும் கட்டம் சேர்ப்பதுபோல, அலையோடு அலையை வைத்துப் பார்த்தார். நுனி சுலபம். அடித்துண்டும் சுலபம், குறுகி வெளுத்திருந்தது. மற்றவை காய்ந்து ஓரம் சுருங்கியிருந்தன. ஒன்று சேரச் சேர, கால்பக்கம் சாக்பீஸால் கோடு இழுத்தார். சாயங்கால வெளிச்சத்தில் இலை மேசையில் மெல்ல நீண்டு படுத்தது.

நடுவில் ஓர் இடைவெளி. கையில் ஒரே துண்டு.

வைத்தார். பொருந்தியது.

தலைகீழாகத் திருப்பி வைத்தார். பொருந்தியது.

மெஷினில் அந்தச் சட்டை பொத்தான் இல்லாமல் தொங்கியது. உள்ளறையில் மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அறையின் நிலைப்படிவரை போய் நின்றார்.

"இந்தா... இதுல கால் எது?"