லாரி நடுக்கமும் மருமகளின் காலும்

லாரி நடுங்கியது உண்மைதான். அந்தப் பழியை மருமகளின் காலில் போட்டதுதான் அக்கிரமம்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப்போகும் ஆட்டோமேட்டிக் கியர் லாரி அது. மாமனாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து மருமகள்தான் ஓட்டினாள். சீரான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போகும்போது, சொரசொரப்பான தரையில் ஏறியது மாதிரி சீட்டுக்கடியில் கடகடவென்று உதறும். போன வாரம் அந்த உதறலில் ஒரு வாடிக்கையாளரின் பீரோக் கண்ணாடியே விரிசல் விட்டுவிட்டது.

"உன் கால்ல பக்குவம் இல்லம்மா. நான் ஓட்டுறப்ப நடுங்குச்சா? ஞாயித்துக்கிழமை புரோக்கர் வர்றார். வண்டிய வித்துடலாம்" என்றார் மாமனார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த டிரைவர் சீட்டுதான். அதையும் பிடுங்கினால் எப்படி?

சனிக்கிழமை காலையிலேயே வண்டிக்கடியில் அட்டை விரித்துப் படுத்துவிட்டாள்.

"மாமா, கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்? அளவு குறையவே இல்லையே."

தினமும் காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பது அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி. கோடு வரைக்கும் இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, மனிதர் ஒருநாளும் நிறத்தைப் பார்த்ததில்லை.

கியர்பெட்டியின் அடியிலிருந்த அடைப்பைக் கழற்றினாள். சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கன்னங்கரேலென்று, கருகல் வாடையோடு கொட்டியது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். "இதையா இத்தனை நாளா அந்த வாயில்லா ஜீவனுக்கு ஊத்தி வச்சிருந்தீங்க?"

மாமனார் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

இந்த வண்டிக்கென்று உள்ள புது ஆயிலை ஊற்றி ஓட்டிப் பார்த்தாள். உதறல் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். "நான்தான் சொன்னேனே, கால்தான்." ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம்தான் யோசித்தாள். கீழே கொட்டியது பாதிகூட இல்லை. இன்ஜினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் அப்படியே தங்கியிருக்கும். கெட்டுப்போன ஆயிலில் அதன் கிளட்ச் பிடித்துப் பிடித்து வழுக்குகிறது. உதறாமல் என்ன செய்யும்? மறுபடி வடித்தாள், ஊற்றினாள், ஓட்டினாள். திரும்பவும் வடித்தாள். பொழுது சாய்வதற்குள் சிவப்பாக வர ஆரம்பித்தது.

ஞாயிறு காலை, புரோக்கர் வருவதற்கு முன்னால், மாமனாரை விடாப்பிடியாகப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனாள். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் காலையே முறைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக உதறும் வேகம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. வண்டி அலுங்காமல் போனது.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

திரும்பிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பெற்ற மகன் ஓட்டினால்கூடக் கண்ணை மூடாத மனிதர்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தார்.

"விக்கலைங்க. மருமக ஓட்டிட்டிருக்கா, அப்புறம் பேசுறேன்."

போனை மடியில் போட்டுவிட்டு மறுபடி குறட்டை விட ஆரம்பித்தார். மருமகளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தும் அவள் திரும்பவில்லை.