தம்பிக்கு ஆங்கிலப் பாடம்

“லாண்டரி இல்லடா. லாண்டரிங். மணி லாண்டரிங். இன்னொரு தடவ சொல்லு.”

போனின் அந்தப் பக்கம் தம்பி சசிதரன் சொல்லிப் பார்த்தான். நாக்கு மறுபடியும் லாண்டரியிலேயே போய் நின்றுகொண்டது. ஜெயமலர் கூடத்து ஜன்னலோரம் நின்று, சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிய தட்டுகள் இன்னும் மேசையில் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் அம்மா மருதம்மாள் துணி அலசும் சத்தம் கேட்டது.

“முந்தாநாளு ஒரு அங்கிள்கிட்ட லாண்டரின்னு சொல்லிட்டேன்கா. நீ இன்ஸ்பெக்டரா, டோபி கடைக்காரனான்னு கேட்டுச் சிரிச்சிட்டாரு. பாஸ் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு இருந்தான்.”

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. “சரி, திரும்ப சொல்லு” என்றாள்.

சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். திகாம் பத்து கடைவீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரில் பல வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறாள். நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது குற்றங்களைப் பற்றிய பாடம்தான். யாருக்கும் தெரியாமல் எடுத்தால் தெஃப்ட். மிரட்டிப் பிடுங்கினால் ராபரி. வீடு புகுந்து எடுத்தால் பர்க்லரி. எல்லாவற்றையும் திருட்டு என்றே சொல்லிப் பழகிய பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரம் மட்டும் போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சசிதரன் அந்த வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எஸ்.பி.எம் பரீட்சையில் ஆங்கிலம் தேறவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் சொந்தத் தம்பியைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று மருதம்மாள் சொல்லாத நாளில்லை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறை ஃபேக்டரியில் அவன் வேலை பார்த்தான். கொரோனா ஓய்ந்து ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தான். பிறகு கார் வாஷ் கடையில் காடி கழுவினான், வீடு வீடாகச் சமையல் கேஸ் தோம்பு தூக்கிப் போட்டான். எதுவும் நிலைக்கவில்லை. தாய்லாந்தில் ரெஸ்டாரண்ட் வேலை, தங்க இடமும் சாப்பாடும் இலவசம் என்று ஒரு சிநேகிதன் சொன்னதை நம்பி பஸ் ஏறினான். எல்லை தாண்டியதும் வேனில் ஏற்றினார்கள். ராத்திரியும் பகலுமாக வேன் ஓடியது. கடைசியில் ஓர் ஆற்றைப் படகில் கடக்கச் சொன்னபோதுதான் போகிற இடம் தாய்லாந்தே இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. உயரமான சுவர், சுவருக்கு மேல் முள்கம்பி, வாசலில் துப்பாக்கி. உள்ளே வரிசை வரிசையாக மேசைகள். மலேசியாவில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு, போலீஸ் மாதிரி பேசி, உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது என்று பயமுறுத்தி, பேங்கில் உள்ள பணத்தை மாற்றிவிடச் செய்ய வேண்டும். அதுதான் ரெஸ்டாரண்ட் வேலை.

விஷயம் தெரிந்த அன்றே ஜெயமலர் போலீஸ் பாலாயில் போய் ரிப்போர்ட் செய்தாள். எழுதிக்கொண்ட சார்ஜன் நல்ல மனுஷன்தான். அவளுக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். ஆனால் கிட்நேப்பிங் என்று அவள் சொன்னபோது பேனாவை நிறுத்திவிட்டார். “டியா பெர்கி செண்டிரி, காக்” என்றார் மலாயில். தானாகத்தானே போயிருக்கிறான். டிக்கெட் அவன் எடுத்தது, பாஸ்போர்ட் அவன் கையில் இருந்தது. வேலை காட்டி ஏமாற்றி ஆளை விற்பது, டிராஃபிக்கிங் என்று போடலாமா என்று கேட்டாள். ஏஜென்ட் யார், பேர் என்ன, எங்கே இருக்கிறான் என்று அவர் கேட்டதற்கு, யாரோ ஒரு சிநேகிதன் என்று மட்டுமே அவளால் சொல்ல முடிந்தது. கோலாலம்பூரில் வெளியுறவு அமைச்சுக்கு எழுதினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அத்தனை குற்றங்களுக்குப் பேர் சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தன் வீட்டில் நடந்ததற்கு ஒரு பேர் அகப்படவில்லை.

பிறகுதான் இந்தப் பாடம் ஆரம்பித்தது. “எங்கக்கா இங்கிலீஷ் டீச்சர்னு பாஸ்கிட்ட சொன்னேன்கா. அதான் ஞாயித்துக்கிழம மட்டும் போன் குடுக்கறான்” என்றான் சசிதரன். அந்தக் குரலைக் கேட்க வேறு வழி இல்லை. மோசடி, போலி ஆவணம், கையாடல் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவன் எழுதிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் வராத படிப்பு இப்போது வந்தது.

மருதம்மாளுக்கு எதுவும் தெரியாது. மகன் ஹோட்டலில் இருக்கிறான், மெனேஜர் ஆக்குவதற்காக ஆங்கிலம் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஜெயமலர் சொல்லி வைத்திருந்தாள். “அங்க போயாச்சும் புத்தி வந்திச்சே” என்று மருதம்மாள் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு அவன் அழுதான். எத்தனை பேருக்குப் போன் போட்டாலும் திட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றான். எப்படிப் பேசுகிறாய் என்று கேட்டாள். அவன் பேசிக் காட்டினான். ஒரே அதட்டல். வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையைத் திருத்துவதுபோலத்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

“கத்தாதடா. பெரிய ஆபிசருங்க கத்தமாட்டாங்க. மரியாதையா பேசு. ஐ பிலீவ் யூ, மேடம். ஹெல்ப் மீ டு ஹெல்ப் யூ. இப்படிச் சொல்லு.”

அவன் சொன்னான். அதற்கப்புறம் சில வாரம் அவன் குரலில் தெம்பு இருந்தது. முட்டை கொடுக்கிறார்கள் என்றான். அந்த முட்டை யார் பணத்தில் வந்தது என்று நினைக்காமல் இருக்க அவள் பழகிக்கொண்டாள். நடுவில் ஒருநாள், “என் பழைய போன்ல இருந்த நம்பரெல்லாம் எடுத்துட்டாங்கக்கா” என்று சொன்னான். யார் யார் நம்பர் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரேமாவதி ஆன்ட்டி டியூஷன் சென்டர் படியேறி வந்தார். ஜெயமலரின் வீடு இருக்கும் தாமானில் அடுத்த வரிசை வீட்டில் தனியாக இருப்பவர். அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சீருடை போன பிறகும் புடவையை அதேபோல விறைப்பாகக் கட்டுவார். அன்றைக்குத் தலை சரியாகச் சீவாமல் இருந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“மலரு, ‘அபெட்டிங்’னா என்னம்மா?”

“எதுக்கு ஆன்ட்டி?”

“சும்மாதான். ஒருத்தர் பேசும்போது சொன்னாரு. ரொம்ப மரியாதையான மனுஷன். ஐ பிலீவ் யூ, மேடம்னாரு. இந்தக் காலத்துல யாரு அப்படிப் பேசறாங்க?”

ஜெயமலரின் கை மார்க்கரை மூடியது. அந்தச் சமயத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று, நன்றாகச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டது. அதை நினைத்து அவள் பிற்பாடு பல நாள் கூசினாள்.

“உடந்தை, ஆன்ட்டி. குத்தம் செய்யறவனுக்குத் துணை போறது.”

“நான் யாருக்கும் துணை போகலியே” என்றார் பிரேமாவதி. உதடு கோணிக்கொண்டு போனது. சட்டென்று சமாளித்துக்கொண்டு, சுங்கைப்பட்டாணியில் பேங்கில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். ஜெயமலர் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் பலகையில் தேதியை எழுதினாள். போன ஞாயிறு அவன் சொன்னது காதிலேயே இருந்தது. இந்த மாசம் ஒருத்தரும் மாட்டாவிட்டால் அங்கே தன்னை மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றான். மேல்மாடியில் என்ன இருக்கிறது என்று அவன் சொன்னதில்லை. பிரேமாவதி ஆன்ட்டியிடம் பென்ஷன் இருக்கிறது, வீடு இருக்கிறது, கூடப் பிறந்தவர்கள் பெண்டாங்கில் இருக்கிறார்கள். சசியிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். முன்வரிசையில் ஒருத்தி, “டீச்சர், தேதி தப்பு” என்றாள். ஜெயமலர் அழிப்பானை எடுத்தாள். அழிக்கவில்லை. பிள்ளைகளைப் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

பேங்கில் பிரேமாவதி நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெயமலர் பக்கத்தில் குனிந்து, “ஆன்ட்டி, கட்டாதீங்க. அது ஸ்கேம்” என்றாள்.

“என்கிட்ட பேசாத போ” என்றார் அவர், உதட்டை அசைக்காமல். “யாராச்சும் வந்து தடுத்தா அவங்களும் அந்தக் கும்பல்தான்னு இன்ஸ்பெக்டர் சொல்லிருக்காரு.”

“இன்ஸ்பெக்டர் இல்ல லா, ஆன்ட்டி. நான் சொல்றேன் கேளுங்க. பணம் போனதும் ரசீதக் கிழிச்சுப் போடச் சொல்வான். வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டு யார்கிட்டயும் பேசாதீங்கன்னு சொல்வான். கடைசியில, யூ ஹேவ் டன் த ரைட் திங், மேடம்னு சொல்வான்.”

பிரேமாவதி அவளைத் திரும்பிப் பார்த்தார். “கதவச் சாத்தச் சொன்னாரு. உனக்கு எப்படித் தெரியும்?”

“பேப்பர்ல போட்டிருந்தான்.”

அவர் நம்பர் சீட்டைக் கசக்கினார். மடியிலிருந்த கைப்பை சரிந்து வாய் திறந்துகொண்டது. உள்ளே போன் வெளிச்சமாக இருந்தது. லைனைத் துண்டிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். நிமிஷமும் விநாடியும் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயமலர் அதையே பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் யாரோ இருந்தார்கள். மூச்சு கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. விரலை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பிரேமாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பார்க்க அழுதார். உன்னைப்போலப் படித்த பிள்ளை பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன் என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல, “சசி எப்படிம்மா இருக்கான்? தோம்பு தூக்கிட்டு வந்தா ஆன்ட்டி, ஆன்ட்டின்னு வாய் ஓயாதே” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான் ஆன்ட்டி.”

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மருதம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் அவசர அவசரமாகச் சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். மெனேஜர் வேலையென்றால் லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். ஜெயமலர் பாலாய்க்கு இன்னொரு தடவை போனாள். சார்ஜன் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

போன் வந்தபோது மருதம்மாள் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நம்பர் புதிது. ஜெயமலர் எடுத்ததும் “அக்கா” என்றான். குரல் அவனுடையதுதான். ஆனால் வார்த்தையோடு காற்றும் சேர்ந்து வந்தது.

“எங்கடா போன இத்தன நாளு?”

“மேல்மாடியில இருந்தேன். அன்னைக்கு லைன்ல ஒரு பொம்பள குரல் கேட்டிச்சிக்கா. தமிழ்ல பேசிச்சி. யாருடா அந்தப் பொம்பளன்னு பாஸ் கேட்டான்.”

ஜெயமலர் போனை அம்மாவுக்கு எட்டாத காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியாதுன்னுட்டேன். கடைசி வரைக்கும் தெரியாதுன்னேதான் சொன்னேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அம்மா நெத்திலியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேரமில்லக்கா” என்றான் அவன். “பாடத்த ஆரம்பி. சரியா பேச வரலன்னா வேற எடத்துக்கு வித்துருவாங்களாம். மொதல்ல அந்த மோசடிக்கான வார்த்த.”

ஃப்ராட் என்று அவன் சொல்லிப் பார்த்தான். சொல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லப் போனவள், பல் என்ற இடத்திலேயே நிறுத்தினாள். அவன் மறுபடி முயன்றான். தெஃப்ட் என்றான். அதுவும் வெறும் மூச்சாக வெளியேறியது.

“எம்புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கா?” என்றாள் மருதம்மாள். “சுடுதண்ணி குடிக்கச் சொல்லு.”

“சரியா இருக்காக்கா?” என்று அவன் கேட்டான்.

“சரியாத்தான் இருக்கு” என்றாள் ஜெயமலர். “இன்னொரு தடவ சொல்லு.”

மருதம்மாள் மீன் வாடை அடிக்கும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் முறை எப்போது வரும் என்று போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெயமலர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தன் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து அழுத்தி, அவனுக்காக மெல்ல ஊதினாள். கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் பனித்து, மறைந்தது.