கையுறைக்காரர் எங்கள் அக்கா வீட்டில் திருடியது

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே பைத்தியம், பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள். அதிலும் ஒரே வரிசையில் வந்த பன்னிரண்டு படங்கள். எல்லாவற்றிலும் கதாநாயகன் கோட்டு சூட்டு போட்ட திருடன். வெள்ளைக் கையுறை மாட்டித்தான் பெட்டகத்தைத் திறப்பான். அவனை 'கையுறைக்காரர்' என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டும். 'அவன்' என்றால் அத்தான் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

கையுறைக்காரர் ரொம்ப மரியாதையான ஆள். திருடிய வீட்டில் காபி போட்டுக் குடிப்பார். கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மேஜைமேல் ஒரு வெள்ளைப் பூ வைத்துவிட்டுப் போவார். படம் முடிவதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அத்தான் அந்தப் படங்களின் டிஸ்க்குகளை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, சின்ன ரூமில் வைத்திருந்தார். பிள்ளை பெற்ற மகள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்றதும் அக்கா சொல்லிவிட்டாள்: "அந்த ரூம் காலியாகணும். சனிக்கிழமையும் பெட்டி அங்கயே இருந்தா, பழைய சாமான்காரர்கிட்ட தூக்கிக் குடுத்துடுவேன்."

அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. "கடைசிப் படம் இப்ப எங்க தேடினாலும் கிடைக்காதுப்பா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

நான் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை காலை அந்த ரூமுக்கு ஃபேன் வாங்க அக்காவும் நானும் கடைக்குப் போனோம். திரும்பி வந்தபோது அத்தான் வாசலில் நின்றிருந்தார்.

"வீட்ல திருடு போயிடுச்சு. நான் முடி வெட்டிக்கப் போயிருந்தேன்" என்றார்.

முடி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, கடையில் கூட்டம் என்றார்.

"என்ன போச்சு?" என்றாள் அக்கா.

"என் பெட்டி மட்டும்."

மேஜைமேல் அக்காவின் வளையல் கழற்றி வைத்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ. பால்கனித் தொட்டியில் காலையில் பூத்திருந்த ஒரே பூவைக் காணோம்.

"தம்பி, போலீசுக்கு போன் போடு" என்றாள் அக்கா.

"அய்யோ, அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார் அத்தான்.

அக்கா சமையலறைக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த கப்பை எடுத்து முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். குளிக்கிற சோப்பு வாசனை.

"பாத்திரம் தேய்க்கற சோப்பு சிங்க் மேலயே இருக்கு. எந்தத் திருடனா இருந்தாலும் அதைத்தான் எடுப்பான். அது இருக்கறதே தெரியாம பாத்ரூம் வரைக்கும் போறவர் இந்த வீட்ல ஒருத்தர்தான்."

அத்தான் ஃபேன் டப்பாவில் எழுதியிருந்ததைக் கவனமாகப் படித்தார்.

"என்னங்க, பெட்டி எங்க?"

"தெருமுனைத் தையல்கடைக்காரன்கிட்ட. பத்திரமா இருக்கு. நீ சாமான்காரருக்குப் போட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எடுக்கறப்போ திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு? டேப் ஒட்டியிருந்ததே."

"நேத்தே பிரிச்சு மறுபடி ஒட்டினது நான்தான். உங்க படமெல்லாம் என் பீரோவுல, மேல் தட்டுல இருக்கு. நீங்க தூக்கிட்டுப் போனது, தூசி படாம இருக்க அதுல நான் வெச்ச குழந்தை மெத்தை, போர்வை, தொவைச்சு மடிச்ச துணி."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப சாமான்காரர்?"

"அப்படிச் சொன்னாத்தான் அந்த ரூமைக் காலி பண்ணுவீங்கன்னு சொன்னேன். கடைசிப் படத்தை நானே இன்னும் முழுசா பாக்கல. பாதியிலயே தூங்கிடறேன்."

அத்தான் பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டும் இருந்தன. மறுபடியும் ஒருமுறை எண்ணினார்.

"சாயந்திரம் பிள்ளை வந்துடும். மெத்தை வேணும்" என்றாள் அக்கா.

அத்தான் போன நேரம் தையல்கடைக்காரர் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பூட்டைத் திறக்கும் வித்தை அத்தானுக்குத் தெரியாது. பன்னிரண்டு படத்தையும் மனப்பாடமாகும் அளவுக்குப் பார்த்தவர், கடைக்காரர் வரும்வரை கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு வெயிலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நான் ஃபேன் மாட்டி முடித்திருந்தேன். அக்கா அவருக்கு ஒரு கப் காபி கொடுத்தாள்.

"குடிச்சிட்டுக் கழுவி வைங்க. சிங்க் மேல, பச்சை சோப்பு."