தட்டில் மிஞ்சிய உப்பு

லாயக் ராம் குடித்துவிட்டு மலைப்பாதையில் வழுக்கி விழுந்து செத்தான் என்று போலீஸ் எழுதியது. லாயக் ராம் குடிக்க மாட்டான். மெஹர் சிங்கின் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு எதிராகப் பதினோரு மனு போட்டவன். மெஹர் சிங் இந்த முறை சட்டசபைக்கு நிற்கிறார்.

அவன் செத்த செவ்வாய் இரவு மெஹர் சிங்குடைய வெள்ளை ஜீப்புக்குக் குவாரித் தடைக்கம்பத்தை உயர்த்தியவன் நான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இந்த மலையில் கிடைக்கும் வேலை அதுதான். பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் லாயக் ராம் இருந்தான். என்னைப் பார்த்தான். வண்டி திரும்பி இறங்கியபோது நடுவில் யாரும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் மனைவி பிம்லா தலைநகர் சிம்லாவுக்குப் புகார் எழுதினாள். திங்கட்கிழமை விசாரணை அதிகாரி வருவதாகச் செய்தி வந்ததும், சனிக்கிழமை மதியம் மெஹர் சிங் ஊர்த் தேவதாவின் கோயில் முற்றத்தில் வீட்டுக்கு ஒருவரைக் கூட்டினார். நடுவில் ஒரு லோட்டா தண்ணீர், பக்கத்தில் ஒரு தட்டு உப்பு. உப்பை எடுத்துத் தண்ணீரில் போட்டுச் சத்தியம் செய்தவன் வாக்கு தவறினால், அவனும் அவன் குடும்பமும் அந்த உப்பைப் போலக் கரைந்துபோகும்.

"நம்ம ஊர் விஷயம் ஊருக்குள்ளயே இருக்கணும். அவ்வளவுதான் சத்தியம்," என்றார் மெஹர் சிங்.

பூசாரி தலையாட்டி மறுத்தார். "இப்படிப் பொதுவா சொன்னா தேவதா ஏத்துக்காது, தாக்கூர்ஜி. எதைப் பேசமாட்டோம்னு விவரமா சொல்லணும். இல்லன்னா அது பருப்புல போடற உப்பு."

மெஹர் சிங் போலீசுக்குப் பயப்படாதவர், தேவதாவுக்குப் பயப்படுபவர். கொஞ்சம் யோசித்தார்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி என் ஜீப் குவாரிக்குப் போனத யாரும் பாக்கல."

அதுவரை என்னையும் ஜீப்பில் போனவர்களையும் தவிர ஊரில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. பின்வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பிம்லாவின் ஊசிகள் நின்றன. பிறகு தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. கம்பம் யார் கையில் என்று எல்லோருக்கும் தெரியும்.

வரிசை நகர்ந்தது. கிழவர் ஜாலம் சிங் உப்பைப் போட்டுவிட்டு, "போன தேர்தல்ல ரெண்டு கட்சிக்கும் இதே மாதிரி உப்பு போட்டேன். மூட்டு மட்டும்தான் கரைஞ்சுது," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என் முறை. உப்பைக் கையில் அள்ளினேன். எனக்குத் தேவதாவில் நம்பிக்கை கிடையாது. சரளைக்கல்லைப் போல அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"போடு இந்தர்," என்றாள் பிம்லா பின்னாலிருந்து. "உன் காலேஜ் ஃபாரத்த எழுதிக் குடுத்த கை என் வீட்டுக்காரரோடது. வெக்கப்படாம போடு."

உப்பைத் திரும்பத் தட்டிலேயே கொட்டினேன்.

"என்னடா?" என்றார் மெஹர் சிங்.

"கை ஈரமா இருக்கு, தாக்கூர்ஜி. ஒட்டிக்குது."

"ஒட்டட்டும்," என்றார் அவர் மெதுவாக. "காயறதுக்கு நேரம் இருக்கு." பிம்லாவும் போடவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

மாலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். போகாவிட்டால் வீட்டுக்கு வருவார்கள், அங்கே அம்மா இருக்கிறாள். கம்பத்தடியில் என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். வெள்ளை ஜீப் பின்கதவு திறந்து நின்றது. உள்ளே இரண்டு பேர். நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

"உனக்கு இனிமே மேல டியூட்டி, தம்பி," என்றான் டிரைவர். "ஏறு."

எதிர்ப்பக்கப் பாறையில் பிம்லா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜாலம் சிங், பீடியோடு.

"அண்ணி, குளிருது. வீட்டுக்குப் போங்க," என்றான் டிரைவர்.

"போவேன். மேல போறவங்க எத்தனை பேர், இறங்கறவங்க எத்தனை பேர்னு பாத்துட்டுப் போவேன்."

டிரைவர் கிழவரைப் பார்த்தான். "நீங்க உப்பு போட்டீங்களே, மாமா."

"செவ்வாய்க்கிழமைக்குப் போட்டேன்," என்றார் ஜாலம் சிங். "இன்னைக்கு சனி."

டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் தானே சாத்தினான். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான்.

"அதிகாரி வர இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு," என்றான்.

ஜீப் கீழே இறங்கியது. என் நாற்காலியில் இருந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் பாறையில் பிம்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "சொல்லு," என்றாள். சொன்னேன்.