மறுபடியும் பவுல்

கூடைப்பந்து ஆட்டம் முடிய ஏழு விநாடி. மருத்துவமனைப் பெண்கள் அணி மூன்று பாயின்ட் முன்னால். பந்து மின்சார அலுவலக அணியிடம். கோச் டைம் அவுட் கேட்டாள்.

கோச் என்றால் அதுவே வேலையாக உள்ளவள் அல்ல. பகலெல்லாம் மருத்துவமனை லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். எல்லோருக்கும் லேப் அக்கா. அவள் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து நிர்வாக அதிகாரி குனிந்தார்.

"பவுல் கிவுல்னு ஆரம்பிச்சுடாதீங்க. போன வருஷம் பட்டது போதும். பேசாம தடுத்து ஆடச் சொல்லுங்க. மறுபடியும் அதையே செஞ்சீங்கன்னா நாளைக்கே வேற கோச்தான்."

போன வருட இறுதி ஆட்டத்திலும் இதே எதிரணி, இதே மூன்று பாயின்ட். சும்மா விட்டால் தூரத்திலிருந்து ஒரு மூன்று பாயின்ட் ஷாட் போட்டுச் சமன் செய்துவிடுவார்கள். அதற்கு முன்பே பவுல் செய்தால் அவர்களுக்குத் தலா ஒரு பாயின்ட் உள்ள இரண்டு ஃப்ரீ த்ரோதான். இரண்டும் விழுந்தாலும் ஒரு பாயின்ட் மிச்சம். அதனால் பவுல் செய்யச் சொன்னாள். அவர்கள் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே வளையத்தில் மோதவிட்டார்கள். நம் பெண்கள் அத்தனை பேரும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, எறிந்தவளே ஓடிவந்து பந்தை எடுத்துப் போட்டுவிட்டாள். சமம். கூடுதல் நேரத்தில் மானம் கப்பலேறியது.

அன்றிலிருந்து கேன்டீன், லிஃப்ட், மருந்துக் கவுண்டர், எங்கே போனாலும் அவளுக்கு ஒரே பட்டம்: பவுல் போடச் சொன்ன புத்திசாலி. கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு ரிசல்ட் தப்பாக வந்தால் மெஷினைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவள் அல்ல அவள். எங்கே பிசகியது என்று தேடுவாள். தேடினாள். பிசகு பவுலில் இல்லை. எறிந்தவளை மறித்து நிற்க ஆளில்லாமல் போனதில்தான்.

மறித்திருக்க வேண்டியவள் அவளுடைய நாத்தனார், குழந்தைகள் வார்டு நர்ஸ். அதைச் சொன்னதற்கு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இடையில் மாட்டிய கணவன் இருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்டியே கழுத்து வலியை வாங்கிக்கொண்டான். ஆனாலும் நாத்தனார் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. டியூட்டி முடிந்ததும் தினமும் முப்பது தடவை: ஒருத்தி வேண்டுமென்றே தவறவிட, மற்றவர்கள் பந்தைப் பார்க்காமல் ஆளை மறிக்க வேண்டும். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இப்போது அந்த நாத்தனாரே முகம் வெளுத்து நின்றாள்.

"அண்ணி, மறுபடியுமா? தோத்துட்டா உங்கள தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். பந்து வச்சிருக்கறவ ஷாட்டுக்குக் கை தூக்கறதுக்கு முன்னாடி, பந்தத் தட்டப் போற மாதிரி கையத் தட்டிடு. தூக்கினப்புறம் தட்டினா மூணு ஃப்ரீ த்ரோ குடுத்துடுவாங்க, ஞாபகம் இருக்கட்டும்."

"பின்னாடி அவர் பாத்துக்கிட்டே இருக்காரு."

"கண்ணு இருக்கு, பாக்கட்டும்."

வார்டு வார்டாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்த அணி இது. இதைப் பிடுங்கிவிட்டால் மாலை நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதற்காக, தப்பென்று தெரிந்ததைச் செய்யச் சொல்ல நாக்கு எழவில்லை.

பந்து உள்ளே வந்தது. நாலு விநாடி இருக்கும்போது நாத்தனார் தட்டினாள். விசில். பின்னால் அதிகாரி, "ஐயோ, போச்சு!" என்று தலையில் கைவைத்தார்.

முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தது. வித்தியாசம் இரண்டு. இரண்டாவது, எதிர்பார்த்தபடியே, வளையத்தின் முன்விளிம்பில் மோதியது. நம் பெண்கள் ஒருத்திகூட அண்ணாந்து பார்க்கவில்லை. எறிந்தவள் பாய்ந்தாள், நாத்தனார் முதுகைக் கொடுத்து நின்றாள், அசையவில்லை. பந்து தரையில் விழுந்து எழும்பியது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மணி அடித்தது.

பரிசு கொடுக்கும்போது அதிகாரி கோப்பையும் கையுமாக மைக்கைப் பிடித்தார்.

"கடைசி நேரத்துல பவுல் செய்யறதுங்கறது நாங்க முன்னாடியே பேசி வச்ச திட்டம்..."

லேப் அக்கா போய் மைக்கை வாங்கினாள்.

"இல்ல சார். நீங்க வேண்டாம்னீங்க. செஞ்சா வேற கோச்னீங்க. உங்க பேச்சக் கேக்காமத்தான் செஞ்சேன். பந்து அவங்க கையில விழுந்து தோத்திருந்தாலும் இதான் சரி. அடுத்த வருஷம் இதே நிலைமை வந்தாலும் பவுல்தான். வேற கோச் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

நாத்தனார் வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும், வியர்வையைத் துடைக்காமல்.

அதிகாரி அசடு வழியச் சிரித்து, கோப்பையை அவளிடம் நீட்டினார்.

லேப் அக்கா கையை நீட்டவில்லை.

"முதல்ல பதில் சொல்லுங்க சார்."