ஜினப்பிரியாவின் ஒருபொழுது

அரிசி ஆலையில் பதினாறு வருடமாக எடை போடுகிறவன் வீட்டில் அரிசி பற்றாமல் போனது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதனால்தான் அஜிதன் அதை யாரிடமும் சொல்லவில்லை. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருந்த அந்த மில்லில் ஆவணி முடியும்போதே வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. முதலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. "நெல்லும் வரல, வந்தாலும் வெலை கட்டல, நான் இன்னா பண்ணட்டும்?" என்று சனிக்கிழமைதோறும் வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் பாதிச் சம்பளத்தை முழு மரியாதையோடு கொடுத்தார். விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் ஜினிஷாவுக்கு அதில் பெரும்பங்கு போனது. மீதியில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட வேண்டும்.

அவர்கள் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். மாலை ஐந்தரைக்கே சமையல்கட்டில் இரண்டு தட்டு விழும். ஆறு மணிக்குள் பாத்திரம் கழுவியாகிவிடும். கல்யாணமான இருபது வருடத்தில் ஊருக்குப் போன நாட்களைத் தவிர அந்த இரண்டு தட்டு தவறியதில்லை. புரட்டாசி பாதியில் ஒரு நாள் ஒரே தட்டு விழுந்தது.

"ஒனக்கு?" என்றான் அஜிதன்.

"நான் ஒருபொழுது இருக்கறேங்க. மத்தியானம் மட்டுந்தான் சாப்பாடு. தீபாவளி வரைக்கும்."

"இன்னாது திடீர்னு?"

"இருக்கணும்னு தோணுச்சு," என்றாள் ஜினப்பிரியா. ரசத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

மகாவீரர் முக்தி அடைந்த நாளல்லவா தீபாவளி, அதை முன்னிட்டு அவர்கள் சனத்தில் பெண்கள் நோன்பு இருப்பது புதிதில்லை. அஜிதன் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டான். அவனுக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரம் நம்பினான். இரண்டாம் வாரம் நம்ப விரும்பினான். மூன்றாம் வாரத்தில் அவள் துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கை வரைக்கும் வழுக்கிப் போயின. நோன்பு இருக்கும் பெண் அட்டமியன்று கோயிலுக்குப் போவாள், இவள் போகவில்லை. அஜிதனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன். ஒரு நாள், அடைமழையில் நனைந்து வந்த பசியில், மறுசோறு கூடக் கேட்டான். அவள் முகம் மாறாமல் போட்டாள். கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கேட்காதவன்போல் மோர் ஊற்றிக்கொண்டான்.

இதோடு நின்றிருந்தால் கதை நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். ஐப்பசி பிறந்ததும் மேல்சித்தாமூரிலிருந்து அவனுடைய அக்கா ரத்தினம்மாள் போன் பண்ணினாள். வசதியானவள், வாயும் பெரிது.

"மில்லு எப்படிடா ஓடுது?" என்று நேராக அங்கேயே வந்தாள்.

வேலை குறைந்ததைச் சொன்னால் மறுநாளே சொந்தம் முழுக்கப் பரவும். பேச்சை எங்காவது திருப்பியாக வேண்டும். வாயில் வந்ததை எடுத்து விட்டான்.

"அதெல்லாம் ஓடுதுக்கா. பிரியாதான் ஒருபொழுது இருக்கறா. ஒரு மாசம்."

"ஒரு மாசமா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. டேய், நம்ம வூட்டுக்கு வந்தவ நோம்பு இருந்தா சும்மா முடிச்சிட முடியுமா? தீபாவளிக்கு மறுநாள் நானே வந்து பாரணை பண்ணி வைக்கிறேன்."

பாரணை என்றால் நோன்பை முடித்து முதல் கவளம் ஊட்டும் சடங்கு. கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் வருவார், உறவுக்காரர்கள் வருவார்கள், நோன்பு இருந்தவளுக்கு மாலை போட்டுப் புடவை கொடுப்பார்கள். ரத்தினம்மாள் போனை வைப்பதற்குள் வேன் பேசிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மில்லில் ஈர மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பீமாராவிடம் இதைச் சொன்னான். மூட்டைகளைத் தராசில் ஏற்றுகிறவன் பீமாராவ். அவனுக்கும் அதே மூன்று நாள் வேலைதான். சிரிப்பான் என்று அஜிதன் நினைத்தான். பீமாராவ் தார்ப்பாயை உதறி மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினான்.

"எங்க வூட்லயும் சாயங்காலம் ஒல வைக்கிறது இல்லண்ணா. சோறு இல்லன்னா இல்லன்னு சொல்லிக்கிறோம். ஒங்க வூட்ல அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கீங்க, அவ்ளோதான்."

அஜிதனுக்குச் சுருக்கென்றது. தராசைத் துடைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஜினப்பிரியா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அண்ணி ரத்தினம்மாள் அவளுக்கும் போன் பண்ணியிருந்தாள்.

"எதுக்குங்க சொன்னீங்க?"

"வாய் தவறி..."

"நான் சங்கல்பம் பண்ணிக்கல. கோயில்ல போய் நோம்பு எடுத்துக்கல. ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

அவன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். அவள் விடவில்லை. "பசி எனக்குப் பெருசில்ல. ஆனா எடுக்காத நோம்புக்கு மால வாங்கிக்க முடியாதுங்க. சாமி பேரச் சொல்லிப் பொய். அண்ணிகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நீயே போன்ல சொல்லிடேன்."

"நான் சொல்ல மாட்டேன். சொன்னா மில்லு சமாச்சாரம் வரும். எம் புருஷனால சோறு போட முடியலன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க சொல்லலன்னா மாலைய வாங்கிக்கறேன், அந்தப் பாவத்தையும் சேத்து."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேல்சித்தாமூருக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான், நன்றாகவே வந்தது. அக்கா வீட்டில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவையை விரித்துக் காட்டி, "எந்தம்பி பொண்டாட்டிக்கு," என்றாள் ரத்தினம்மாள். அந்தப் பெண்கள் அவனைப் பார்த்த பார்வையில் அத்தனை மதிப்பு இருந்தது. பதினாறு வருட வேலையில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மோர் குடித்தான். பார்டர் நன்றாக இருக்கிறது என்றான். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டான்.

"சொன்னீங்களா?"

"நெறைய பேர் இருந்தாங்க."

நேரமாகிறது என்று ஜினப்பிரியா அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள்.

தீபாவளி வந்து போனது. விடியற்காலையில் விளக்கேற்றினார்கள், பட்டாசு வாங்கவில்லை, அவர்கள் வீட்டில் எப்போதும் வாங்குவதில்லை என்பதால் அது மட்டும் யாருக்கும் உறுத்தவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தூறலில் வேன் வந்து நின்றது. ராஜகிரி மலை மேகத்தில் பாதி காணாமல் போயிருந்தது. ரத்தினம்மாள், பத்துப் பன்னிரண்டு உறவினர்கள், உபாத்தியாயர், பெரிய பெரிய தூக்குகளில் பொங்கல், பாயசம், வடை. அஜிதன் செலவு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஜினப்பிரியாவை மணையில் உட்கார வைத்தார்கள். புதுப் புடவை அவள் உடம்பில் இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றியது. "நோம்பு களை மொகத்துல தெரியுது பாரு," என்றாள் ஒருத்தி.

உபாத்தியாயர் வயதானவர், முறை தவறாதவர். மந்திரம் ஆரம்பிக்கும் முன் கேட்டார். "எந்த நோம்பும்மா? எந்தக் கோயில்ல சங்கல்பம் பண்ணிக்கின?"

சாதாரணக் கேள்வி. செஞ்சியைச் சுற்றி எத்தனையோ கோயில் இருக்கிறது, ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. ஜினப்பிரியா தலை நிமிரவில்லை. அவள் உதடு திறப்பதை அஜிதன் பார்த்தான். சொல்லப் போகிறாள். அவனுக்காக, அவன் அக்கா முன்னால் அவன் மானம் போகக் கூடாது என்பதற்காக, வாழ்நாளில் பொய் சொல்லாதவள் சாமி முன்னால் பொய் சொல்லப் போகிறாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நோம்பு இல்லீங்க ஐயா," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மில்லுல ரெண்டு மாசமா பாதி வேலதான். அரிசி பத்தல. அவ பங்க எனக்குப் போட்டுட்டு ஒருபொழுதுன்னு சொன்னா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தின்னுக்கினு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "மறுசோறு கூடக் கேட்டேன்," என்றான்.

ரத்தினம்மாள் முகம் சிவந்து வெளுத்தது. "ஊர் சனத்தக் கூட்டி வச்சி... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானத்தால் அழுதாளா, தம்பிக்காக அழுதாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

உபாத்தியாயர் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மாலையை ஓரமாக நகர்த்தினார்.

"அப்ப பாரணை கெடையாது," என்றார். "பசிச்சவங்க சாப்பிடறதுக்கு மந்திரம் எதுக்கு? எலையப் போடுங்கம்மா."

சாப்பிட்டார்கள். ஜினப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு தரம் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். புதுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, மடித்து அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தாள். ரத்தினம்மாள் வாங்க மறுத்து வேனில் ஏறிவிட்டாள். மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் சாப்பிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லாததால், ஒரு தூக்கு நிறையப் பொங்கலை அஜிதன் பீமாராவ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அடுத்த நாள் மில்லில் வேலை இல்லை. மழையும் விடவில்லை. ஐந்தரை மணிக்கு ஜினப்பிரியா கூப்பிட்டாள்.

சமையல்கட்டில் இரண்டு தட்டு இருந்தது. இரண்டிலும் பாதிதான் சோறு. அஜிதன் உட்கார்ந்து, அவள் உட்காரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு பிசைந்தான். பொழுது சாய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவன் மறுசோறு கேட்கவில்லை.